ஒரே பிளக், வேறு வேறு காயில்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பல்லாரட், பெண்டிகோ, மேரிபரோ ஊர்களைச் சுற்றியுள்ள காடுகளில் இன்றும் ஆட்கள் தங்கம் தேடுகிறார்கள். அரசிடம் பத்தாண்டுக்கான உரிமச் சீட்டு வாங்கிக்கொண்டு, கையில் மெட்டல் டிடெக்டரோடு கிளம்பிவிடுவார்கள். 1980-இல் கிங்கோவர் என்ற சிற்றூருக்கு அருகில் அப்படித் தேடிக் கிடைத்த ஒரே தங்கக்கட்டி 27 கிலோ. தரைக்குக் கீழே ஏறக்குறைய ஓர் அடியில் கிடந்தது. அந்த மாதிரிக் கட்டிகளை முன்னே வந்தவர்கள் எடுத்துப் போய்விட்டார்கள். மிச்சமிருப்பவை பெரும்பாலும் இரண்டு வகை: மேல்மண்ணில் சிதறிய பொடித் துணுக்குகள், பழைய கருவிகளுக்கு எட்டாத ஆழத்தில் கிடப்பவை. முதலாவதற்குச் சின்னக் காயில் (தண்டின் நுனியில் மண்ணைத் தடவிப் போகும் கம்பிச் சுற்றுத் தலை) வேண்டும், இரண்டாவதற்குப் பெரிய காயில். அதனால் ஒரு கருவிக்கு மூன்று நான்கு காயில் வைத்திருப்பதும், இடத்துக்குத் தக்கபடி கழற்றி மாற்றுவதும் அங்கே சாதாரணம்.

மாற்றுவது எளிதாக இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அடிலெய்டு நகரத்து மைன்லேப் நிறுவனம் 1995-இல் எஸ்டி 2000 என்ற கருவியைக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு வந்த எஸ்டி, ஜிபி, ஜிபிஎக்ஸ் வரிசைகள் எல்லாம், 2010-இல் வந்த ஜிபிஎக்ஸ் 5000 வரைக்கும், ஒரே ஐந்து பின் கனெக்டரையும் ஒரே வகைக் காயிலையும் ஏற்றுக்கொண்டன. பதினைந்து ஆண்டு மாறாத ஒரு சாக்கெட். அதை நம்பித் தனிக் காயில் தொழிலே வளர்ந்தது. மேரிபரோவின் காயில்டெக், நகெட் ஃபைண்டர் போன்றவர்கள் கருவி செய்யவில்லை, காயில் மட்டுமே செய்தார்கள். பழைய கருவி வைத்திருந்தவர் புதுக் காயிலை மாட்டிப் புது வேகத்தில் தேடினார்.

2015-இல் வந்த ஜிபிஇசட் 7000 இந்த வழக்கத்தை முறித்தது. அதன் காயில் பக்கத்தில் ஒரு சிப் இருந்தது. அந்தச் சிப்பின் பதில் கிடைத்தால்தான் கருவி வேலை செய்யும். வேறொருவர் செய்த காயிலை மாட்ட விரும்பியவர்கள், விலை உயர்ந்த அசல் காயிலின் வயரைத் தாங்களே வெட்டி, பிளக்கையும் சிப்பையும் காப்பாற்றி ஓர் அடாப்டர் செய்துகொள்ள வேண்டியதாயிற்று.

கனெக்டர் வகையை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்கிறவர்கள் வழக்கமாகப் பின் எண்ணிக்கையிலும் பிளக் வடிவத்திலுமே நின்றுவிடுகிறார்கள். கேள்வி மூன்று அடுக்குகளில் இருக்கிறது என்பது என் கருத்து. அந்தப் பின்களின் வழியே என்ன ஓடுகிறது, தண்ணீரும் தூசும் அங்கே என்ன செய்யும், அந்தப் பிளக் யாருடைய கட்டுப்பாட்டில் இருக்கிறது. வடிவம் இவற்றுக்குப் பிறகுதான்.

காயிலிலிருந்து தொடங்குவோம். பெரும்பாலான பொழுதுபோக்குக் கருவிகள் விஎல்எஃப் வகை. சில கிலோஹெர்ட்ஸ் முதல் சில பத்துக் கிலோஹெர்ட்ஸ் வரையான அதிர்வெண்ணில் ஒரு சுற்று காந்தப்புலத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். இன்னொரு சுற்று கேட்டுக்கொண்டே இருக்கும். அனுப்பும் புலம் கேட்கும் சுற்றுக்குள் நேரடியாக நுழைந்தால் வேறெதுவும் காதில் விழாது. ஆகவே இரண்டையும், இரு தட்டும் சமமாக நின்ற தராசு போல, ஒன்றின் பாதிப்பு மற்றதில் கூட்டிக் கழித்துச் சுழியாகும்படி வைக்கிறார்கள். கான்சென்ட்ரிக் காயிலில் ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள் இருக்கும். டபுள்-டி காயிலில் இரண்டு டி வடிவச் சுற்றுகள் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். கான்சென்ட்ரிக் பொருள் கிடக்கும் புள்ளியை நன்றாகக் காட்டும். டபுள்-டி இரும்புத்தாது கலந்த மண்ணில் நிலைகுலையாமல் நிற்கும். சுற்றுகள் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் சமநிலை போய்விடும் என்பதால்தான் காயிலை எப்பாக்ஸி ஊற்றி இறுக்கிவிடுகிறார்கள்.

இந்தச் சமநிலைக்கு வயது அதிகம். 1881 ஜூலையில் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடலில் புகுந்த குண்டைத் தேட, அலெக்ஸாண்டர் கிரகாம் பெல் இதே தத்துவத்தில் ஒரு கருவி செய்து வந்தார். கண்டுபிடிக்க முடியவில்லை. மருத்துவர் உடலின் ஒரு பக்கத்தை மட்டுமே சோதிக்க விட்டதும், படுக்கையின் உலோகச் சுருள்கள் குழப்பியதும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. காயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் எந்த உலோகமும் அதன் கணக்கில் சேர்ந்துவிடும். காயிலைத் தண்டில் பூட்டும் போல்ட் பிளாஸ்டிக்காக இருப்பதும், உலோக கனெக்டர் எப்போதும் கைப்பிடிப் பக்கத்துப் பெட்டியில் இருப்பதும் அதனால்தான்.

பல்ஸ் இண்டக்‌ஷன் என்ற இன்னொரு வகை வேறு வழியில் போகிறது. காயிலுக்குள் சில ஆம்பியர் மின்னோட்டத்தைச் செலுத்திச் சட்டென்று நிறுத்தும். நிறுத்திய கணத்துக்குப் பிறகு மண்ணுக்குள்ளிருந்து வரும் எதிரொலியைக் கேட்கும். அனுப்புவதும் கேட்பதும் வேறு வேறு நேரம் என்பதால் ஒரே சுற்றே இரண்டையும் செய்யலாம். இதுதான் மோனோ காயில். தங்கம் தேடுபவர்களின் செல்லப்பிள்ளை.

இப்போது பின்களுக்கு வரலாம். விஎல்எஃப் கருவியின் கேட்கும் வயர்களில் ஓடுவது மைக்ரோவோல்ட் கணக்கில் மிக மெலிந்த சிக்னல். அங்கே மின்னோட்டம் ஒரு பொருட்டல்ல. பின் ஆடாமல், துருப்பிடிக்காமல், ஷீல்டு அறுபடாமல் இருப்பதே முக்கியம். தளர்ந்த ஒரு பின் ஒவ்வொரு வீச்சிலும் போலிச் சத்தம் எழுப்பும். தேடுபவர் அதை மண்ணின் மேல் பழி போட்டுவிட்டு நகர்வார். பல்ஸ் கருவியில் நிலைமை தலைகீழ். மின்னோட்டம் அதிகம். நிறுத்தும் கணத்தில் காயில் திருப்பி அடிக்கும் வோல்டேஜ் நூற்றுக்கணக்கில் ஏறும். ஆகவே பின்னுக்கும் பின்னுக்கும் இடையே உள்ள காப்பு இதைத் தாங்க வேண்டும்.

கனெக்டர் தடையைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். கொஞ்சம் கணக்குப் போட்டால் பயம் இடம் மாறும். நல்ல கனெக்டரின் ஒரு தொடுமுனைத் தடை பத்து மில்லிஓமுக்குள் அடங்கும். காயில் வயர் 0.5 சதுர மில்லிமீட்டர் செம்பு, நீளம் ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால், போக வர மூன்று மீட்டருக்குத் தடை சுமார் 100 மில்லிஓம். மொத்தக் காயிலும் அரை ஓம் அளவில் இருக்கும் பல்ஸ் கருவியில், சுத்தமான கனெக்டரை விட மெல்லிய வயரே ஐந்து மடங்குக்கு மேல் கெடுதல் செய்கிறது. தங்கமுலாம் பூசிய பின்னுக்குப் பணம் கொடுப்பவர் அந்தப் பணத்தில் தடித்த வயர் வாங்கியிருக்கலாம். ஆனால் பின் பச்சை பூத்துவிட்டால் இந்தக் கணக்கு எல்லாம் செல்லாது.

வகைகளைப் பார்ப்போம். ஆடியோ கருவிகளில் புழங்கிய ஐந்து பின் டின் பிளக் மலிவு, சிறியது, எங்கும் கிடைக்கும். பூட்டு இல்லை, நீர்த்தடுப்பு இல்லை. செடிகொடியில் வயர் மாட்டி இழுத்தால் கழன்றுவரும். பழைய கருவியில் இருந்தால் வைத்துக்கொள்ளலாம், புதிதாகச் செய்யும் எதிலும் இதைப் போட நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சொந்தமாகப் பல்ஸ் கருவி செய்பவர்களும், கல்லூரிப் புராஜெக்டுக்காகக் காயில் சுற்றும் மாணவர்களும் பெரும்பாலும் போவது ஜிஎக்ஸ்16 கனெக்டரிடம். பெட்டியில் 16 மில்லிமீட்டர் துளை போட்டால் பொருந்தும். திருகி இறுக்கும் உலோக வளையம், சால்டர் வைக்க வசதியான பெரிய முனைகள், இரண்டு முதல் பத்து பின் வரை வகைகள். விலைக்கு இதைவிட நல்ல பொருள் இல்லை. பார்வைக்கு முரட்டுத்தனமாக இருப்பதால் தண்ணீர் புகாது என்று நம்பிவிடுகிறார்கள். சாதாரண ஜிஎக்ஸ்16-இல் வயர் நுழையும் பின்பக்கம் கிட்டத்தட்டத் திறந்தே கிடக்கும். தூறலுக்குத் தாங்கும், ஆற்றில் இறங்கினால் தாங்காது. இதன் தம்பி ஜிஎக்ஸ்12 இன்னும் சிறியது, ஆனால் அதற்குள் தடித்த வயரைச் சால்டர் செய்து முடிப்பதற்குள் பொறுமை போய்விடும்.

எம்12 தொழிற்சாலை சென்சார்களுக்காக வந்தது. சரியாக இறுக்கினால் ஐபி67 தரம், அதாவது ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரைமணி நேரம். இது மிக நல்ல கனெக்டர், ஆனால் ஒரு பொறி இருக்கிறது. நான்கு பின் எம்12 பொதுவாக 250 வோல்ட், 4 ஆம்பியர் வரை தாங்கும். ஐந்து பின் வகைக்கு வந்தால் வோல்டேஜ் அளவு 60 ஆக இறங்கிவிடும், எட்டுப் பின்னில் 30. பின்கள் நெருங்க நெருங்கக் காப்பு குறைகிறது. விஎல்எஃப் கருவிக்கு இது பெரும்பாலும் தொல்லையில்லை. பல்ஸ் காயிலின் திருப்பியடியை ஐந்து பின் எம்12-இல் விடுவது வம்பை விலைக்கு வாங்குவது. கூடுதல் பின் இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும் இடத்தில்தான் இந்தத் தவறு நடக்கிறது.

மோனோ காயிலுக்கு ஒரு வழி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை: பிஎன்சி. தொலைக்காட்சி நிலையங்களிலும் ஆய்வகங்களிலும் பார்க்கும் அதே கால்சுற்றுப் பூட்டு. இரண்டே இணைப்பு, 500 வோல்ட் தாங்கும், கோஆக்ஸ் வயரோடு ஷீல்டும் சேர்ந்தே வந்துவிடும். 50 ஓமா 75 ஓமா என்ற சண்டைக்கு இந்த அதிர்வெண்களில் அர்த்தமில்லை. கவனிக்க வேண்டியது ஒன்றுதான். கோஆக்ஸ் வயர் மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் சேர்க்கும். அது காயில் ஓய்வதைத் தாமதப்படுத்தும், பொடித் தங்கத்தின் வேகமான எதிரொலி அந்தத் தாமதத்தில் கரைந்துபோகும். வயரைச் சுருக்கமாக வைத்தால் போதும். ஒரு பிஎன்சியில் இரண்டு தனிச் சுற்றுகளைக் கொண்டுபோக முடியாது என்பதால் டபுள்-டி காயில் மாட்டும் எண்ணம் இருப்பவர்களுக்கு இது உதவாது.

ராணுவத் தரத்து வட்டக் கனெக்டர்களும் சுவிட்சர்லாந்தின் லெமோவும் எல்லாவற்றிலும் மேல். விலையிலும் மேல். தொழில்முறைக் கருவிகளை விட்டால் மற்றவர்களுக்கு இது வீண்செலவு.

தண்ணீர் தனி விஷயம். கடற்கரையில் தேடுபவர்கள் ஆழத்துக்குப் பயப்படுகிறார்கள். உண்மையான எதிரி வெப்ப மாற்றம். வெயிலில் காய்ந்து 45 டிகிரியில் இருக்கும் பெட்டியை 25 டிகிரி கடலில் முக்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி அழுத்தம் சுமார் ஆறு சதவீதம் குறையும். இது அரை மீட்டருக்கு மேற்பட்ட தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமம். முழங்கால் தண்ணீரில் நிற்பவரின் கருவிகூடத் தண்ணீரை உள்ளே உறிஞ்ச முயல்கிறது. கனெக்டருக்குள் இருக்கும் மெல்லிய ஓ-ரிங் ஒன்றுதான் தடுப்பு. அதில் ஒரு மணல்துகள் இருந்தாலும் போதும். காயிலைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் இந்த ஆபத்தைத் திறந்து மூடுகிறோம். உப்புநீர் புகுந்த பின்களில் கருவி ஓடிக்கொண்டே இருந்தால் மின்னோட்டம் அரிப்பை வேகப்படுத்தும், ஓரிரு நாளில் பச்சை பூக்கும். எனவே கடலுக்குப் போகிறவர்கள் வீட்டிலேயே காயிலை மாற்றிக்கொண்டு போவதே நல்லது. ஓ-ரிங்குக்குச் சிலிக்கான் கிரீஸ் மெல்லிதாகப் பூசலாம். வாசலின் எல்லா ரப்பருக்கும் ஒத்துக்கொள்ளாது.

கனெக்டரே வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களும் இருக்கிறார்கள். பிரான்சின் எக்ஸ்பி நிறுவனம் 2009-இல் கொண்டுவந்த டியூஸ் கருவியில் பேட்டரியும் மின்னணுவும் காயிலுக்குள்ளேயே இருக்கின்றன. கைப்பெட்டிக்கும் ஹெட்போனுக்கும் தகவல் ரேடியோவில் போகும். காயிலின் வரிசை எண்ணைப் பதிவு செய்தால் இணைந்துகொள்ளும். பிளக் இல்லை, துரு இல்லை, அறுந்துபோக வயர் இல்லை. ஆனால் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ தண்ணீருக்குள் சில அங்குலங்கூடத் தாண்டாது. ஆகவே அதே கருவியைத் தண்ணீருக்குள் கொண்டுபோக, காயிலிலிருந்து கைப்பெட்டி வரை ஓர் ஆண்டெனா வயர் கட்ட வேண்டியிருக்கிறது. காயிலுக்குள் இருக்கும் பேட்டரிக்கும் ஆயுள் உண்டு, அது ஒரு நாள் ஓயும். இணைப்புச் சிக்கலை ஒழிக்கவில்லை, வேறிடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். இருந்தாலும் அரை மணிக்கு ஒரு முறை காயில் மாற்றுபவருக்கு இதைவிட வசதியானது கிடையாது.

இனி முக்கியமான எச்சரிக்கை: பிளக் பொருந்திவிட்டால் காயில் பொருந்திவிட்டது என்று அர்த்தமல்ல. மைன்லேபின் எக்ஸ்-டெர்ரா 705 கருவியில் அதிர்வெண்ணைத் தீர்மானிப்பதே காயில்தான். 3, 7.5, 18.75 கிலோஹெர்ட்ஸ் காயில்கள் மூன்றையும் அதே சாக்கெட்டில் மாட்டலாம், மாட்டப்பட்டது எது என்று கருவி தானே அறிந்துகொள்ளும். இது நன்றாகத் திட்டமிட்ட அமைப்பு. எல்லாக் கருவியும் அப்படியில்லை. காரெட் நிறுவனத்தின் ஏஸ் 250 ஓடுவது 6.5 கிலோஹெர்ட்ஸில், ஏடி புரோ ஓடுவது 15-இல். ஒரே நிறுவனம் என்பதற்காக ஒன்றின் காயிலை மற்றதில் போட முடியாது. அனுப்பும் சுற்றின் இண்டக்டன்ஸ் பெட்டிக்குள் இருக்கும் கெப்பாசிட்டரோடு சேர்ந்தே அதிர்வெண்ணைக் கட்டுகிறது. பொருந்தாத காயில் மாட்டினால் கருவி ஓயாமல் கத்தும், அல்லது அமைதியாக இருந்து எதையும் காட்டாது. இரண்டாவதுதான் மோசம். பிளக்கை மட்டும் மாற்றும் அடாப்டர் விற்பவர்களிடம், இரு காயிலின் இண்டக்டன்ஸும் தடையும் என்ன என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராவிட்டால் வாங்க வேண்டாம்.

பெரிய காயில் என்றால் ஆழம் என்ற நம்பிக்கையையும் அளந்தே ஏற்க வேண்டும். காயிலின் அளவைவிடத் தள்ளிக் கிடக்கும் பொருளின் தூரம் இரட்டித்தால் சிக்னல் ஏறத்தாழ 64-இல் ஒரு பங்காகிவிடும். விட்டத்தை இரட்டித்து ஆழத்தையும் இரட்டிக்க முடியாது. பெரிய காயில் கூடுதல் மண்ணையும் பார்க்கும், கூடுதல் மின்கம்பி இரைச்சலையும் வாங்கும், பொடிப் பொருளை விட்டுவிடும். தோளும் வலிக்கும்.

மாற்றும்போது செய்ய வேண்டியவை அதிகம் இல்லை. முதலில் கருவியை அணைக்க வேண்டும். பிளக்கின் காடியைச் சாக்கெட்டோடு சேர்த்து நேராகத் தள்ளி, வளையத்தை மட்டும் விரலால் திருக வேண்டும். பிளக்கையே திருகினால் உள்ளே சால்டர் முறியும், பிளையர் பிடித்தால் மரை போகும். வயரைத் தண்டில் சுற்றும்போது காயில் பக்கம் சிறிது தளர்வு விடலாம், ஆனால் அது ஆடக் கூடாது, ஆடும் வயரும் போலிச் சத்தம் தரும். காயில் மாறினால் மண்ணுக்கேற்ற சமநிலையை (கிரவுண்ட் பேலன்ஸ்) மறுபடி அமைக்க வேண்டும். பிறகு ஒரு காசைத் தரையில் போட்டு, பழைய காயிலில் கேட்ட அதே சத்தம் வருகிறதா என்று பார்ப்பது நல்ல பழக்கம். சந்தேகம் வந்தால் மல்டிமீட்டரை எடுத்து வயரை மெதுவாக வளைத்தபடி தடையைப் பாருங்கள். எண் தாவினால் வயர் உள்ளே அறுந்திருக்கிறது. அறுபடும் இடம் பெரும்பாலும் பிளக்கின் கழுத்து, அல்லது காயிலுக்குள் வயர் நுழையும் இடம்.

உயிர் ஊசலாடும் வேலையில் என்ன செய்கிறார்கள் என்பதையும் பார்க்கலாம். இலங்கையின் வடக்கே, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும், ஹேலோ டிரஸ்ட், மேக் போன்ற அமைப்புகள் 2002 முதல் மிதிவெடி அகற்றுகின்றன. இவ்வேலைக்கான கையடக்கக் கருவிகள் பெரும்பாலும் ஒரே தலையோடு வருகின்றன. ஆள் களத்தில் நின்று காயில் மாற்றுவதில்லை. வேலை தொடங்கும் முன் ஒரு சோதனைத் துண்டை வைத்துக் கருவி சரியாகச் சொல்கிறதா என்று பார்த்துவிட்டே உள்ளே இறங்குகிறார்கள். மாற்றும் வசதி பொழுதுபோக்குக்காரரின் சலுகை, அதற்கு விலையாகச் சோதனையை நாம் செய்ய வேண்டும்.

தமிழ்நாட்டில் இணையத்தில் கருவி வாங்குகிறவர்களுக்குக் காயிலைவிட முந்திய ஒரு செய்தி. 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. மண்ணில் புதைந்து கிடைத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் போனால் கலெக்டரிடம் தெரிவித்தாக வேண்டும். அந்தப் பத்து ரூபாய் வரம்பு மாறவே இல்லை. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களுக்குக் கருவியோடு போவது வேறு வழக்குகளையும் கொண்டுவரும்.

என் தீர்ப்பு இதுதான். தரையில் மட்டும் தேடுபவருக்கும் சொந்தமாகச் செய்பவருக்கும் ஜிஎக்ஸ்16 போதும். மோனோ காயில் மட்டும் என்றால் பிஎன்சி அதைவிட நல்லது. ஈரத்தில் விஎல்எஃப் என்றால் எம்12. கடலுக்கு என்றால் தொழிற்சாலையிலேயே அடைத்து வந்த கருவியை வாங்கி, காயிலைக் கூடியவரை தொடாமல் விடுவதே சரி. சிப் வைத்துப் பூட்டிய காயில் நன்றாக வேலை செய்யலாம், ஆனால் செய்தவர் கைவிட்ட நாளில் கருவியும் கூடவே போய்விடும். வாங்கும் முன் கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்தப் பிளக் தனியாகக் கிடைக்குமா, எந்தப் பின் எதற்கு என்ற படம் கையேட்டில் இருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்ற பதில் வந்தால், காயிலை மாற்றவும் வயர் அறுந்தால் நீங்களே சரிசெய்யவும் வழி இருக்கிறது.